மூன்றாவது குழி

ராஜினாமா கடிதம் கொடுத்த மறுநாள், வரவேற்பு மேஜையில் உட்காரும் பெண் என்னைத் தேடி ரத்தம் எடுக்கும் அறைக்கு வந்தாள். பதினொரு வருடங்களில் அவள் அந்த அறைக்கு வந்தது நான்கைந்து தடவைதான் இருக்கும். ஊசியைக் கண்டால் அவளுக்குப் பயம். அன்றும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டாள்.

"சிஸ்டர், இருபது வருஷமா இந்த நாட்டுல இருக்கீங்க. எங்க மலையைப் பார்த்திருக்கீங்களா?"

"தினமும் பார்க்கிறேனே," என்று ஜன்னலைக் காட்டினேன்.

அமீரகத்து ராஸ் அல் கைமாவில் கிழக்குப் பக்கம் எந்த ஜன்னலைத் திறந்தாலும் மலைதான். மரம் கிடையாது, அருவி கிடையாது. யாரோ கல்லை உடைத்து வானம் வரைக்கும் கொட்டி வைத்த மாதிரி இருக்கும். குற்றாலத்துக்குப் பக்கத்தில் பிறந்த எனக்கு அது மலை என்றே தோன்றியதில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை.

"ஜன்னல்ல பார்க்கிறதெல்லாம் கணக்கில்ல. வர்ற சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க. மேல, மலை வீட்டுக்கு. அங்க பழைய வேட்டைக் குழிகள் இருக்கு, காட்டறேன்," என்றாள். நான் பதில் சொல்லுமுன் போய்விட்டாள்.

அவள் அந்த மலைக்காரப் பெண். இந்த நாட்டுக் குடிமகள். இன்னும் கொஞ்சம் விவரம் சொல்ல வேண்டும். துபாய் சத்வாவில் நாலு வருஷம், இங்கே பதினாறு வருஷம் இருந்துவிட்டேன்; இதில் கடைசிப் பதினொரு வருஷம் இந்த ஆஸ்பத்திரியில். இத்தனை வருஷத்தில் ஆயிரக்கணக்கான அரபிகளின் கைகளில் நரம்பு தேடியிருக்கிறேன். ஆனால் ஒரு அரபி வீட்டுக்குள்ளும் காலடி வைத்ததில்லை. அவர்களும் கூப்பிட்டதில்லை, நானும் எதிர்பார்த்ததில்லை. எங்கள் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்த தமிழ், மலையாளப் பெண்கள் யாரும் போனதில்லை. ஆகவே அன்று இரவு போனில் என் கணவரிடம் சொன்னபோது எனக்கே நம்ப முடியாமல்தான் சொன்னேன். அவர் ஆறு மாதம் முன்பே வேலை முடித்து பாளையங்கோட்டைக்குப் போய்விட்டிருந்தார்.

"இன்னும் மூணு வாரத்துல ஊருக்கு வரப்போற. இப்ப போயி மலை ஏறணுமாக்கும்? என்னத்துக்கு இந்த வேண்டாத வேலை?" என்றார்.

"கூப்பிட்டுட்டா. போகாம இருந்தா நல்லாருக்காது."

"சரி. கீழ பார்த்து நட," என்றார்.

அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் இருந்த பழக்கத்தை நட்பு என்று சொல்லிவிட முடியாது. காலையில் சலாம், சாயங்காலம் சலாம். அவளுடைய அம்மாவுக்கு நீரிழிவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்க அழைத்து வருவாள். அந்த அம்மா என்னைத் தவிர வேறு யாரிடமும் கை நீட்ட மாட்டார். "அந்தக் குட்டைப் பெண் எங்கே?" என்று கேட்டுத் தேடுவார். இரண்டு வருஷம் முன்பு அவர் காலமானார். அதற்குப் பிறகும் சலாம் தொடர்ந்தது, அவ்வளவுதான்.

நாங்கள் பேசிக்கொண்டது ஹிந்தியும் ஆங்கிலமும் அரபியும் கலந்த ஒரு பாஷை. வளைகுடாவில் வேலை பார்த்த எல்லோருக்கும் அது தெரியும். அதை இங்கே தமிழாகவே எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவளுடைய அண்ணன் வண்டியோடு வந்தார். பெரிய வண்டி. முன்னால் அவர், பின்னால் நாங்கள் இருவரும். அவர் என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்ததோடு சரி, வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. தார் ரோடு முடிந்து வாதி தொடங்கியது. மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும் ஆற்றுப் படுகையை அங்கே வாதி என்பார்கள். அதில் உருண்டைக் கல் மேல் ஏறி இறங்கி வண்டி போனது. பிறகு மலைச் சரிவில் வெட்டிய மண் பாதை. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஊசிக்கு நான் எப்படியோ, மலைக்கு நீங்க அப்படி," என்று அவள் என் கையைத் தட்டினாள்.

மலை வீடு என்பது மூன்று அறைகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஆட்டுப் பட்டி. பழைய கல் வீடு ஒன்று கூரையில்லாமல் பக்கத்தில் நின்றது. குடும்பம் கீழே டவுனில்தான் இருக்கிறது. விடுமுறைக்கு மட்டும் மேலே வருகிறார்கள். அண்ணனின் மனைவி எங்களுக்குக் கஹ்வாவும் பேரீச்சம்பழமும் கொடுத்தார். ஏலக்காய் மணக்கும் கசப்புக் காப்பி. நான் இரண்டாவது கிண்ணம் குடிக்கும்போது அவள் சொன்னாள்.

"இன்னைக்கு சனிக்கிழமை, நீங்க இறைச்சி சாப்பிட மாட்டீங்க. அண்ணிகிட்ட சொல்லிட்டேன். சோறும் கத்திரிக்காயும் தனியா செய்யறாங்க."

நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேன்டீன்ல பதினொரு வருஷமா பார்க்கறேனே. சனிக்கிழமை டியூட்டின்னா உங்க டப்பால தயிர் சோறுதான்."

அவளுக்கு எந்தக் கிழமை பிடிக்கும், பிடிக்காது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. நான் கவனித்ததே இல்லை.

அண்ணன் எங்களைப் பாதை முடியும் இடம் வரை வண்டியில் கொண்டுவிட்டார். தண்ணீர்த் தொட்டியில் ஒழுகல், அதைச் சரிசெய்ய வேண்டும், மதியச் சாப்பாட்டுக்குள் வந்துவிடுங்கள் என்று தங்கையிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அங்கிருந்து ஒரு மணி நேரம் நடை. ஜனவரி மாதம், காற்று குளிர்ச்சியாக இருந்தது. அவள் கறுப்பு அங்கியான அபாயாவை இடுப்பில் முடிந்துகொண்டு, ஓட்டக்காரர்கள் போடும் ஷூவோடு ஆடு மாதிரி ஏறினாள். ஆஸ்பத்திரியில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, நகத்துக்கு மெருகு போட்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் டோக்கன் கொடுக்கிற பெண்ணா இவள் என்று இருந்தது.

இரண்டு சிகரங்களுக்கு நடுவே ஒரு கணவாய். அங்கே போய் நின்றதும் முதலில் எனக்கு எதுவும் தெரியவில்லை. கல்லுக்கு நடுவே கல். அவள் கையை நீட்டிக் கோடு போட்டுக் காட்டிய பிறகுதான் கண்ணுக்குப் பிடிபட்டது. தொலைவில் சரிவிலிருந்து இரண்டு தாழ்ந்த கல் வரிசைகள் வருகின்றன. ஆரம்பத்தில் அகலமாக விலகி, போகப் போக நெருங்கி, கணவாயில் ஒரு வாசல் அளவுக்குக் குறுகிவிடுகின்றன. கோலமாவுப் புனல் ஒன்றை மலை மேல் படுக்க வைத்த மாதிரி.

"அங்க இருந்து சத்தம் போட்டு விரட்டுவாங்களாம். ஆடு சுவரை ஒட்டியே ஓடி வரும். இங்க வந்ததும் முன்னால ஒரு குட்டைச் சுவர். அது ஆட்டுக்கு ஒண்ணுமே இல்ல, ஒரே தாவு. தாவினா அந்தப் பக்கம் குழி," என்றாள்.

"எந்தக் காலத்தில்?"

"யாருக்குத் தெரியும். எங்க ஆளுங்க இந்த மலைக்கு வர்றதுக்கு முன்னாலயே இருந்ததாம். கவர்மென்ட்ல இருந்து வந்து போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. ரொம்பப் பழசுன்னு மட்டும் சொன்னாங்க."

எந்த ஆடு என்று கேட்டேன். போனில் ஒரு படம் காட்டினாள். பார்த்ததும் சிரித்துவிட்டேன். அது நம்ம ஊர் வரையாட்டுக்குச் சொந்தக்காரன். கொஞ்சம் சின்ன உருவம், செம்பட்டை முடி, ஆனால் அதே கொம்பு, அதே முழி. "இது எங்க மலையிலும் இருக்கு," என்றேன். "உங்களுக்கு மலை இருக்கா?" என்று அவள் ஆச்சரியப்பட்டாள். அப்போதுதான் குற்றாலத்தைப் பற்றி முதன்முதலாக அவளிடம் சொன்னேன். தண்ணீர் மேலே இருந்து விழும், அடியில் நின்று குளிப்போம் என்றதை அவள் நம்பவே இல்லை.

முதல் இரண்டு குழிகளும் தூர்ந்துபோயிருந்தன. சுற்றிலும் கல் அடுக்கிய வட்டமும் நடுவே ஒரு பள்ளமும்தான் மிச்சம். மூன்றாவது ஒன்று இருந்தது, சின்ன வயதில் பார்த்தது, எந்தப் பக்கம் என்று நினைவில்லை என்றாள். ஷூவுக்குள் கல் புகுந்துவிட்டது என்று அவள் ஒரு பாறையில் உட்கார்ந்தாள். நான் என் கணவருக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கலாம் என்று நாலடி முன்னால் போனேன். முழங்கால் உயரத்தில் ஒரு சுவர். அதற்கு அப்பால் முள் செடி ஒன்று அடர்ந்து கிடந்தது. அந்தச் சுவரைத் தாண்டிக் காலை வைத்தேன்.

காலுக்கு அடியில் எதுவும் இல்லை.

விழுந்தது நினைவில் இல்லை. முள் முகத்தில் கீறியது, பிறகு ஒரு இருட்டு, பிறகு வலது கணுக்காலில் ஒரு வலி. அந்த வலியில் மூச்சே நின்றது. உட்கார்ந்து பார்த்தபோது தலைக்கு மேலே வட்டமாக வானம். குழி என் உயரத்தைவிட ஒன்றரை மடங்கு ஆழம். சுற்றிலும் கல் கட்டு. வாய் குறுகி, அடி அகன்று, ஒரு பானைக்குள் இருப்பது மாதிரி. அதை அப்படிக் கட்டியவனின் புத்தி எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. உள்ளே விழுந்தது மேலே தாவினால் சுவர் நெற்றியில் இடிக்கும்.

வட்டத்தில் அவள் தலை தெரிந்தது. "சிஸ்டர்! எழுந்திருக்க முடியுதா?"

"கால் போச்சு," என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவளுக்குப் புரிந்தது.

அவள் படுத்துக்கொண்டு கையை நீட்டினாள். எட்டவில்லை. தலைத் துணியை அவிழ்த்துத் தொங்கவிட்டாள். நான் பிடித்தேன். அவள் இழுக்க, ஒற்றைக் காலில் நின்ற நான் அப்படியே சரிந்து உட்கார்ந்தேன். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்த நிமிஷம் மேலிருந்து மண்ணும் கல்லும் கறுப்புத் துணியுமாக அவளே என் பக்கத்தில் வந்து விழுந்தாள். குதித்துவிட்டாள்.

என் முகத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். கன்னத்தைத் தட்டினாள். நான் கண் திறந்ததும், "மயங்கிடுவீங்கன்னு பயந்துட்டேன்," என்றாள்.

"அதுசரி. இப்ப ரெண்டு பேரையும் யார் தூக்குவா?"

அவள் மேலே பார்த்தாள். சுற்றிலும் சுவரைப் பார்த்தாள். "அதை யோசிக்கலை," என்றாள்.

தண்ணீர் பாட்டில் இருந்த பையும் மேலேதான். என் போன் கையோடு விழுந்து கண்ணாடி உடைந்து கிடந்தது. அவள் போன் வேலை செய்தது, ஆனால் சிக்னல் இல்லை. மணி பத்து. சாப்பாட்டுக்கு வரவில்லை என்றால்தான் அண்ணன் தேடுவார். எப்படியும் மூன்று மணி நேரம்.

தலைத் துணியைக் கிழித்து என் கணுக்காலில் இறுகக் கட்டினாள். எப்படிக் கட்ட வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். பிறகு சுவரில் சாய்ந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். வேறு மாதிரி உட்கார அங்கே இடமும் இல்லை. உடைந்த கல், காய்ந்த புழுக்கை, நத்தை ஓடு. கல்லெல்லாம் வழவழவென்று இருந்தது. எத்தனை மிருகங்கள் அதில் உரசி உரசிச் சுற்றினவோ.

அவள் கேட்டாள். "முதல் வருஷம் உங்க பேர்ல ஒரு கம்ப்ளெயின்ட் வந்துச்சே. ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும். சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நோயாளிக்குக் கை கன்றிப்போகும்படி ஊசி போட்டதாக யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்னொன்று வந்தால் விசா ரத்து என்றார்கள். அப்போது என் கணவருக்கு வேலை இல்லை, பையனுக்கு ஏழு வயது. இரண்டு மாதம் நான் தூங்கவில்லை. ஒவ்வொரு கையிலும் நரம்பை மூன்று தடவை தொட்டுப் பார்த்துத்தான் ஊசியை வைத்தேன்.

"ஞாபகம் இருக்கு."

"அதை எழுதினது நான்," என்றாள். "எங்க அம்மா கை நீலமாயிடுச்சு. எனக்குக் கோபம். எழுதிட்டேன். அப்புறம்தான் டாக்டர் சொன்னாரு, அம்மா சாப்பிடற மாத்திரையால அப்படி ஆகும், யார் எடுத்தாலும் ஆகும்னு. அதைத் திரும்ப வாங்கலாம்னு போனேன். அதுக்குள்ள உங்களுக்கு லெட்டர் கொடுத்துட்டாங்க."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பழைய கோபம், ஆறாமல் எங்கோ கிடந்தது. எழுந்து போய்விடலாம் என்றால் போக இடமில்லை. அவள் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. நான் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அதைவிட மோசமாக இன்னொன்று உள்ளே வந்து உட்கார்ந்தது. அந்தக் கம்ப்ளெயின்ட்டை எழுதியது எங்கள் லேபில் இருந்த ஒரு மலையாள நர்ஸ்தான் என்று நான் முடிவே செய்திருந்தேன். ஒரு வருஷம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. என் டப்பாவிலிருந்து அவளுக்கு ஒரு வாய் கொடுத்ததில்லை. எதற்கு என்று தெரியாமலே அவள் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டாள்.

அதைப் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். அவள் முகத்தை மூடிக்கொண்டாள். "பாவம், அந்தப் பெண்," என்றாள்.

"பதினொரு வருஷமா ஏன் சொல்லலை?"

"பயம். நீங்க அதுக்கப்புறமும் எங்க அம்மா கையை எவ்வளவு பார்த்துப் பார்த்துப் பிடிச்சீங்க. எனக்கு வெட்கமாயிடுச்சு. அம்மாகிட்டதான் சொன்னேன். அம்மா திட்டினாங்க. அதுக்கப்புறம்தான் அந்தக் குட்டைப் பெண்தான் வேணும்னு பிடிவாதம் பிடிச்சாங்க."

அது எனக்குத் தெரியாது. நான் நன்றாக ஊசி போடுகிறேன் என்பதால் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன். என்னையே அந்த அம்மா ஒவ்வொரு தடவையும் கவுன்ட்டரில் சத்தமாகக் கேட்டது, மேலதிகாரிகள் காதில் விழத்தான் என்பது இப்போது தெரிந்தது. எனக்கு இன்னொரு கடிதம் வராமல் போனதற்கு என் கைத்திறமை மட்டும் காரணமில்லை. கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

என் பங்குக்கு நானும் ஒன்று சொல்லிவிடலாம் என்று பட்டது. "நாங்க லேப்ல உங்களுக்கு ஒரு பேர் வச்சிருக்கோம்," என்றேன்.

"மகாராணி," என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"நான் வரும்போதெல்லாம் 'மகாராணி வந்துட்டா, மகாராணி வந்துட்டா'ன்னு சொல்வீங்க. எனக்குப் புரியாதுன்னு நினைச்சீங்களா? நான் ஹிந்திப் படம் பார்த்து வளர்ந்தவ."

"கோபம் வரலையா?"

"வீட்டில போய் சொன்னேன். ஆஸ்பத்திரியில என்னை மகாராணின்னு கூப்பிடறாங்கன்னு. அண்ணன் இன்னும் அப்படித்தான் கூப்பிடறார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கால் வலித்தது, வலித்தால் இன்னும் சிரிப்பு வந்தது. அவளும் சேர்ந்துகொண்டாள். அந்தக் குழிக்குள் யாரும் அதற்கு முன்பு சிரித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பதினொன்றரை மணிக்கு வெயில் சாய்வாக உள்ளே இறங்கியது. நாக்கு ஒட்டிக்கொண்டது. உதவி கேட்டு மாறி மாறிக் கத்திப் பார்த்தோம். சத்தம் பானைக்குள்ளேயே சுற்றி எங்கள் காதிலேயே விழுந்தது. அவள் எழுந்து நின்று, கொஞ்சம் தயங்கி, "நீங்க அந்தப் பக்கம் பாருங்க," என்றாள்.

"ஏன்?"

"வெட்கமா இருக்கு. பதினஞ்சு வருஷமாச்சு."

தலையை நன்றாக மேலே தூக்கி, நாக்கை உருட்டி, அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எடுத்தாள். அதற்கு எழுத்து கிடையாது. ரகரம் மாதிரி உருண்டு, மேலே மேலே ஏறி, கடைசியில் சட்டென்று அறுந்தது. கத்தியபோது சத்தம் வெளியே போகவில்லை, இது போனது. மூன்று தடவை. நிறுத்தினாள். மறுபடி மூன்று தடவை. ஆட்டைக் கூப்பிடும் குரல், அம்மா கூப்பிடுவது அப்படித்தான் என்றாள்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். மேலே கல் உருண்டது. வட்டத்தின் ஓரத்தில் ஒரு தாடி தெரிந்தது. கறுப்புக் கிடா ஒன்று. அது எங்களை உற்றுப் பார்த்தது. பக்கத்தில் இன்னொரு தலை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஏழு ஆடுகள் சுற்றி நின்று, குழிக்குள் விழுந்த எங்கள் இரண்டு பேரையும் மென்றுகொண்டே வேடிக்கை பார்த்தன. அந்தக் குழியைக் கட்டியவர்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஆடுகளுக்குப் பின்னால் அவற்றை மேய்க்கிறவர் வந்தார். வங்கதேசத்துக்காரர், நாற்பது வயது இருக்கும், தலையில் கட்டம் போட்ட துண்டு. எட்டிப் பார்த்தவர் சிரிக்கவில்லை. "மேடம், யாருக்கு அடி?" என்று மட்டும் கேட்டார். மேலே கிடந்த பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் துண்டில் கட்டி இறக்கினார். அந்தத் தண்ணீரை முதலில் என்னிடம் நீட்டினாள் அவள். நான் குடித்து முடிக்கும்வரை பாட்டிலைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவர் ஓடிப் போய் அண்ணனை அழைத்து வந்தார். தொட்டிக்குச் சார்த்தியிருந்த இரும்பு ஏணியை இருவரும் தோளில் சுமந்து வந்திருந்தார்கள். முதலில் நான், ஒற்றைக் காலால் ஒவ்வொரு படியாக. பின்னால் அவள் என் இடுப்பைத் தாங்கிக்கொண்டு. மேலே வந்ததும் காற்று முகத்தில் பட்டது. நான் தரையில் கையை ஊன்றி அப்படியே கொஞ்ச நேரம் இருந்தேன்.

வண்டி நிற்கும் இடத்துக்கு ஒரு மணி நேர நடை. அண்ணன் என்ன செய்வது என்று தெரியாமல் தள்ளி நின்றார். வேற்று ஆணாகிய அவர் என்னைத் தொட மாட்டார், அது மரியாதை. ஆடு மேய்க்கிறவர் என் முன்னால் குந்தி முதுகைக் காட்டினார். "ஏறுங்க, மா," என்றார். வங்காளத்தில் மா என்றால் அம்மா. எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஐம்பத்து நாலு வயதுப் பெண், தலைமுடியில் முள்ளும் புழுக்கையுமாக, முன்பின் தெரியாத ஒரு மனிதரின் முதுகில் ஏறிக்கொண்டேன். வழியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாரே தவிர ஒருதரமும் கால் சறுக்கவில்லை. அவள் பக்கவாட்டில் என் கட்டுப் போட்ட காலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "பார்த்து, உக்தி, பார்த்து," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பதினொரு வருஷம் சிஸ்டர் என்று கூப்பிட்டவள். அது நர்சுகளையும் லேப்காரர்களையும் எல்லோரும் கூப்பிடுவது. உக்தி என்பது வேறு. கூடப் பிறந்தவளை அழைப்பது.

வலியோடுதான் சாப்பிட்டேன். ஆனாலும் அந்தக் கத்திரிக்காய் மாதிரி நான் சாப்பிட்டதில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியிலேயே எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் கோடு விழுந்திருந்தது, மாவுக்கட்டுப் போட்டார்கள். என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் அவளே முந்திக்கொண்டு, "குழியில விழுந்துட்டாங்க. நானும்தான்," என்று சொன்னாள். லேபில் அன்று நான்தான் செய்தி. என் கணவர் போனில் ஒன்றும் திட்டவில்லை. "கீழ பார்த்து நடன்னு சொன்னேனே," என்றார், அவ்வளவுதான். அந்த மலையாள நர்சின் எண்ணை யார் யாரிடமோ கேட்டு வாங்கி அவளிடமும் பேசினேன். அவளுக்கு அந்தக் கோபமே ஞாபகம் இல்லை. "சேச்சிக்கு அப்ப வீட்டில கஷ்டம்னு நினைச்சேன்," என்றாள். அதைக் கேட்டது மன்னிப்பைவிடப் பெரிதாக இருந்தது.

ஆடு மேய்க்கிறவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்டு அனுப்பினேன். அவர் யோசித்து ஒன்று சொல்லி அனுப்பினார். இரண்டு வருஷமாக ரொம்பத் தாகம், கால் எரிகிறது, கண் மங்குகிறது. அந்த மேடம் ரத்தம் பார்க்கிறவர் என்றார்களே, எனக்கும் ஒருதரம் பார்ப்பாரா?

என் கடைசி வேலை நாளுக்கு முந்தைய நாள் அண்ணன் அவரைக் கூட்டி வந்தார். சலவை செய்த சட்டை போட்டு, தலை வாரி, நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். மாவுக்கட்டுக் காலை ஒரு ஸ்டூல் மேல் நீட்டி வைத்துக்கொண்டு அவர் கையை வாங்கினேன். என்னை முதுகில் தாங்கியபோது அந்தக் கையை என் முழங்காலுக்குக் கீழே கோர்த்திருந்தார். நல்ல நரம்பு, தேடவே வேண்டியிருக்கவில்லை. ஊசிக்குப் பயந்தவள் அன்று உள்ளே வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவருடைய தோளுக்குப் பின்னால் நின்றாள். சர்க்கரை முந்நூற்றைத் தாண்டியிருந்தது. அன்றே டாக்டரிடம் காட்டி மாத்திரை தொடங்கினார்கள். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் கண்ணோ காலோ போயிருக்கும் என்றார் டாக்டர். அந்த நாட்டில் நான் எடுத்த ரத்தங்களில் கடைசிக்கு முந்தையதோ கடைசியோ, எனக்கு ஞாபகத்தில் நிற்பது அதுதான்.

ஏர்போர்ட்டுக்கு அவளே வண்டி ஓட்டி வந்தாள். சக்கர நாற்காலியை ஆள் தள்ள வந்தபோது, நான் தள்ளுகிறேன் என்று வாங்கிக்கொண்டாள். பாஸ்போர்ட் கவுன்ட்டர் வரைக்கும்தான் அனுமதி. அங்கே குனிந்து என் நெற்றியில் முத்தமிட்டாள். இருவருமே அழவில்லை. காலையிலேயே போனில் அழுது முடித்திருந்தோம்.

இப்போது பாளையங்கோட்டையில் காலையில் நடக்கப் போகிறேன், கால் நன்றாகவே இருக்கிறது. மாதம் ஒருமுறை அவள் போனில் குரல் பதிவு அனுப்புவாள். போன வாரம் வந்ததில், மூன்றாவது குழியைச் சுற்றி அண்ணன் கம்பி வேலி போட்டுவிட்டதாகச் சொன்னாள். ஆடு மேய்க்கிறவர் லீவில் ஊருக்குப் போய் மகளுக்குக் கல்யாணம் முடித்துத் திரும்பிவிட்டார், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, உங்களை விசாரிக்கச் சொன்னார் என்றாள். அடுத்த ஜூலையில் இரண்டு வாரம் லீவு எடுத்து இங்கே வருகிறாளாம். தண்ணீர் மேலே இருந்து விழுவதை நேரில் பார்த்தால்தான் நம்புவாளாம். குற்றாலத்தில் ரூம் பார்த்து வைத்திருக்கிறேன்.